கஞ்சா: வேட்பாளரிடம் எதைப் பார்ப்பது? (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஐயா,

நாங்கள் நியூ ஜெர்சியில் பல வருடமாக இருக்கிறோம். மகள் இங்கேயே பிறந்தவள். வரும் நவம்பரில் முதல் முறையாக ஓட்டுப் போடப்போகிறாள். எந்த வேட்பாளர் கஞ்சாவைச் சட்டபூர்வமாக்க ஆதரவு, யார் எதிர்ப்பு என்று ஒரு பட்டியலே வைத்திருக்கிறாள். எனக்கு இது ஒரு தேர்தல் விஷயமாகவே படவில்லை. எங்கள் ஊரில் கடையே திறந்தாகிவிட்டது, வேண்டியவர்கள் போய் வாங்குகிறார்கள், இனி பேச என்ன இருக்கிறது? போன அதிபர் தேர்தலில் ஹாரிஸ், டிரம்ப் இருவருமே ஆதரவாகத்தானே பேசினார்கள்? எல்லாம் ஓட்டுக்காக என்று சொன்னால் மகளுக்குக் கோபம் வருகிறது.

இன்னொன்று. நானும் மனைவியும் கிரீன் கார்டில் இருக்கிறோம், விரைவில் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கப் போகிறோம். மனைவிக்கு முதுகுவலியால் தூக்கம் இல்லை. அந்தக் கடையில் விற்கும் மிட்டாயைச் சாப்பிட்டுப் பார்க்கச் சொல்கிறார் அவளுடைய தோழி. மாநிலமே அனுமதித்த பிறகு பயப்பட ஒன்றுமில்லை அல்லவா?

அன்புடன்,
ஒரு வாசகர், எடிசன்

அன்புள்ள நண்பருக்கு,

நான் உங்கள் மகள் பக்கம். அந்தப் பட்டியலை அவர் தூக்கிப் போட வேண்டாம். ஆதரவு, எதிர்ப்பு என்பதற்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு விஷயம் எழுதிக்கொள்ளட்டும். இவர் கேட்கும் பதவிக்குக் கஞ்சா விஷயத்தில் என்ன அதிகாரம் இருக்கிறது? அதிகாரம் கையில் இருந்த நாளில் இவர் என்ன செய்தார்?

கடை திறந்ததோடு முடிந்துவிட்டது என்கிறீர்கள். முடியவில்லை. 1970இல் வந்த ஃபெடரல் போதைப்பொருள் சட்டம், அதாவது நாடு முழுமைக்குமான சட்டம், கஞ்சாவை ஹெராயினோடு சேர்த்து முதல் பட்டியலில் வைத்தது. மருத்துவப் பயன் இல்லாதது, கடுமையாகத் தடுக்க வேண்டியது என்று அதற்கு அர்த்தம். அந்தச் சட்டத்தை வைத்துக்கொண்டே, 2023 முடிவதற்குள் 24 மாநிலங்கள் வயதுவந்தவர்கள் பயன்படுத்த அனுமதித்துவிட்டன. உங்கள் ஊர்க் கடைக்குள் போனால் இந்த முரண்பாடு கண்ணிலேயே படும். வாசலில் அடையாள அட்டையைச் சோதித்து 21 வயது ஆகிவிட்டதா என்று பார்ப்பார்கள். வரி வாங்கிக்கொண்டு ரசீதும் தருவார்கள். எல்லாம் முறைப்படி நடக்கும். ஆனால் கிரெடிட் கார்டை நீட்டினால் வாங்க மாட்டார்கள், பணமாக எடுக்க உள்ளேயே ஏடிஎம் இருக்கும். ஃபெடரல் சட்டத்துக்குப் பயந்து கார்டு நிறுவனங்களும் பெரிய வங்கிகளும் ஒதுங்கி நிற்பதால் வந்த நிலை அது.

வேட்பாளர் வாயால் சொல்வதற்கும் பதவியில் செய்வதற்கும் உள்ள தூரத்தைப் புரிந்துகொள்ள கொலராடோவின் கோரி கார்ட்னரை மகளிடம் சொல்லுங்கள். அவர் குடியரசுக் கட்சிக்காரர். 2012இல் கொலராடோ மக்கள் கஞ்சாவை அனுமதிக்க ஓட்டுப் போட்டபோது அதை எதிர்த்தவர். உங்கள் மகளின் பட்டியலில் அன்று அவர் பெயர் 'எதிர்ப்பு' என்றுதான் ஏறியிருக்கும். அப்புறம் செனட்டர் ஆனார். அனுமதித்த மாநிலங்களில் ஃபெடரல் வழக்கறிஞர்கள் பெரும்பாலும் தலையிட வேண்டாம் என்று ஒபாமா காலத்தில், 2013இல், ஒரு சுற்றறிக்கை வந்திருந்தது. டிரம்ப்பின் அட்டர்னி ஜெனரலாக, அதாவது அரசின் தலைமை வழக்கறிஞராக, இருந்த ஜெஃப் செஷன்ஸ் 2018 ஜனவரியில் அதை ரத்து செய்தார். கார்ட்னர் அன்றே செனட்டில் எழுந்து பேசினார். பேச்சோடு விடவில்லை. ஃபெடரல் நீதி அமைச்சகப் பதவிகளுக்கு டிரம்ப் நியமித்தவர்களுக்கு ஒப்புதல் கிடைக்காதபடி தடுத்து நிறுத்தினார். சொந்தக் கட்சி அதிபரின் ஆட்களை! மூன்று மாதம் அந்தப் பிடியை அவர் முழுதாக விடவில்லை. ஏப்ரலில் டிரம்ப்பே அவரை அழைத்து, கொலராடோவின் கஞ்சாத் தொழிலில் கை வைக்க மாட்டோம் என்று வாக்குக் கொடுத்த பிறகுதான் வழிவிட்டார். தன் மாநிலத்து மக்கள் முடிவு செய்துவிட்டார்கள், அதை வாஷிங்டன் மாற்றக் கூடாது என்பதுதான் அவர் வாதம். மேடையில் ஆதரவு முழக்கம் போட்ட எத்தனையோ பேர் செய்யாததை, எதிர்த்து ஓட்டுக் கேட்ட ஒருவர் செய்தார். ஒற்றை செனட்டரால் என்ன முடியும் என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

ஹாரிஸ், டிரம்ப் பற்றிக் கேட்டீர்கள். 2010இல் கலிஃபோர்னியாவில் கஞ்சாவை அனுமதிக்கும் யோசனை வாக்கெடுப்புக்கு வந்தது. அப்போது சான் ஃபிரான்சிஸ்கோவின் அரசு வழக்கறிஞராக இருந்த ஹாரிஸ் அதை எதிர்த்தார். 2019இல் செனட்டராக, ஃபெடரல் பட்டியலிலிருந்தே கஞ்சாவை எடுக்கும் மசோதாவைத் தானே கொண்டுவந்தார். இடைப்பட்ட காலத்தில் நாடு மாறியது. கேலப் கணக்கெடுப்பில் 1969இல் ஆதரவு 12 சதவீதம், 2023இல் 70 சதவீதம். மக்கள் மாறியதைப் பார்த்துத் தலைவர் மாறுவதை நான் குறையாக நினைக்கவில்லை. மாறியவர் அதற்காக எதையாவது எழுதிக் கையெழுத்துப் போட்டாரா என்று பார்ப்பேன். ஹாரிஸ் போட்டார்.

டிரம்ப் 2024 செப்டம்பரில், கஞ்சாவை அனுமதிக்கும் ஃபுளோரிடாவின் மூன்றாவது திருத்தத்துக்கு ஆதரவாக ஓட்டுப் போடுவேன் என்று அறிவித்தார். அதே மாநில ஆளுநர் ரான் டிசான்டிஸ், அதே கட்சிக்காரர், அதைத் தோற்கடிக்க முழு மூச்சாக வேலை செய்தார். நவம்பரில் திருத்தத்துக்கு ஏறத்தாழ 56 சதவீத ஓட்டு கிடைத்தது. அந்த மாநிலத்தில் டிரம்ப் பெற்றதும் கிட்டத்தட்ட அதே அளவுதான். அவர் ஜெயித்தார், திருத்தம் தோற்றது. ஃபுளோரிடாவில் அரசியலமைப்பைத் திருத்த 60 சதவீதம் வேண்டும். 2025 டிசம்பரில், கஞ்சாவை மூன்றாம் பட்டியலுக்கு, அதாவது மருத்துவப் பயன் உண்டு என்று ஏற்கப்பட்டவற்றின் பட்டியலுக்கு, இறக்கும் வேலையை விரைவுபடுத்தச் சொல்லி அவர் உத்தரவிட்டார். பைடன் காலத்தில் ஆரம்பித்த வேலை அது. பட்டியல் மாறினால் கடைக்காரர்களின் வரிச்சுமை குறையும், ஆராய்ச்சி எளிதாகும். ஆனால் ஃபெடரல் சட்டத்தில் கஞ்சா அனுமதிக்கப்பட்டதாக ஆகிவிடாது. அதற்குக் காங்கிரஸ் வேண்டும். பட்டியலிலிருந்தே கஞ்சாவை எடுக்கும் மசோதாவைக் காங்கிரஸின் கீழவை 2020 டிசம்பரிலும் 2022 ஏப்ரலிலும் நிறைவேற்றியது. செனட் இரண்டு முறையும் ஓட்டுக்கே எடுக்கவில்லை. ஆகவே மகளின் நவம்பர் ஓட்டுக்கு எடை உண்டு.

நியூ ஜெர்சியின் செனட்டர் கோரி புக்கரை நான் மதிப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. கஞ்சாக் கடைகளுக்கு வங்கிக் கணக்கு தரும் மசோதாவை மட்டும் தனியாக நிறைவேற்ற 2021இல் பேச்சு எழுந்தபோது அவர் மறுத்தார். பிடிபட்டுத் தண்டனை பெற்றவர்களுக்கு நியாயம் கிடைக்காமல், விற்பவர்களுக்கு மட்டும் வழி திறக்கக் கூடாது என்றார். அதனால் வங்கிச் சட்டம் தாமதமானது என்று ஆதரவாளர்களே அவரைத் திட்டினார்கள். எனக்கு அவர் செய்தது சரி என்றே தோன்றுகிறது.

ஏனென்றால் இந்த விஷயத்தில் என்னை உறுத்துவது கைதுகள்தான். 2018இல் மட்டும் அமெரிக்காவில் கஞ்சாவுக்காக 6,60,000 கைதுகளுக்கு மேல் நடந்தன. அவற்றில் பத்துக்கு ஒன்பது, வெறுமனே கையில் வைத்திருந்ததற்காக. கறுப்பினத்தவரும் வெள்ளையரும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் பயன்படுத்துகிறார்கள், ஆனால் கைதாகும் வாய்ப்பு கறுப்பினத்தவருக்கு மூன்றரை மடங்குக்கு மேல் என்று ஏசிஎல்யூ என்ற குடிமை உரிமை அமைப்பு 2020இல் வெளியிட்ட அறிக்கை காட்டியது. ஒரு தடவை கைதானால் வேலைக்கு மனுப் போடும்போதும் வாடகைக்கு வீடு கேட்கும்போதும் அது பின்னாலேயே வரும். பைடன் 2022 அக்டோபரில், வெறுமனே கையில் வைத்திருந்த ஃபெடரல் வழக்குகளில் மன்னிப்பு அறிவித்தார். நல்ல காரியம். ஆனால் அது எட்டியது சுமார் 6,500 பேரை. மற்றவர்களில் பெரும்பாலோர் மாநிலச் சட்டத்தில் மாட்டியவர்கள், அவர்களை அதிபரால் தொட முடியாது. அங்கே ஆளுநரும் உள்ளூர் அரசு வழக்கறிஞரும்தான் எல்லாம். மகளின் பட்டியலில் அந்தப் பெயர்கள் இருக்கின்றனவா?

ஆளுநர் என்றால் வர்ஜீனியாவைப் பாருங்கள். 2021இல் கையில் வைத்திருப்பதை அனுமதித்தார்கள். கடைகளில் விற்க அனுமதிக்கும் மசோதா 2024இலும் 2025இலும் அப்போதைய ஆளுநர் கிளென் யங்கினின் மேசைக்குப் போனது, இரண்டு முறையும் நிராகரித்தார். வைத்துக்கொள்ளலாம், வாங்கக் கடை கிடையாது என்பதே அவர் காலத்து நிலை. உங்கள் மாநிலத்திலும் ஃபில் மர்ஃபி 2017 ஆளுநர் தேர்தலில் கஞ்சாவை அனுமதிப்பதாக வாக்குறுதி கொடுத்து ஜெயித்தார். சட்டமன்றத்தில் ஓட்டுத் தேறவில்லை. 2020இல் மக்களிடமே கேட்டார்கள், மூன்றில் இரண்டு பங்கு பேர் சரி என்றார்கள், 2022 ஏப்ரலில் விற்பனை ஆரம்பமானது. ஆனாலும் வீட்டில் ஒரு செடி வளர்த்தால் நியூ ஜெர்சியில் இன்றும் குற்றம். அடுத்த சட்டமன்றத் தேர்தலில் மகள் கேட்க வேண்டிய கேள்விகளில் இதுவும் ஒன்று.

இனி உங்கள் மனைவி. தயவுசெய்து அந்த மிட்டாய் வேண்டாம். குடியேற்றம் முழுக்க ஃபெடரல் சட்டத்தின் கீழ் வருவது. மாநிலம் அனுமதித்திருந்தாலும், கஞ்சா சம்பந்தப்பட்ட செயல் குடியுரிமைக்குத் தேவையான 'நன்னடத்தை'யைப் பாதிக்கலாம் என்று குடியேற்றத் துறை 2019 ஏப்ரலில் எழுத்திலேயே சொல்லிவிட்டது. கைதோ வழக்கோ இருந்தால்தான் சிக்கல் என்று நினைக்க வேண்டாம். நேர்காணலில் அதிகாரி கேட்டு, சாப்பிட்டிருக்கிறேன் என்று ஒப்புக்கொண்டாலே ஆபத்து. பொய் சொன்னால் அதைவிடப் பெரிய ஆபத்து. கஞ்சாக் கடையில் வேலை பார்ப்பதும் இதில் சேரும். அந்தத் தோழியும் கிரீன் கார்டில் இருந்தால் அவருக்கும் சொல்லுங்கள். ஏற்கெனவே சாப்பிட்டிருந்தால், படிவம் நிரப்புவதற்கு முன்னால் ஒரு குடியேற்ற வழக்கறிஞரைப் பாருங்கள். முதுகுவலிக்கு நல்ல எலும்பு மருத்துவரோ பிசியோதெரபிஸ்டோ எடிசனிலேயே கிடைப்பார்கள், அங்கே முதலில் காட்டுங்கள்.

அன்புடன்.