ஆடுவதை நிறுத்தி 14 ஆண்டுகள் ஆன ஜிம் ஸ்டைன்ஸுக்காக மெல்பர்ன் நகரமே அழுதது ஏன்? ஆஸ்திரேலிய ரூல்ஸ் (அந்த நாட்டுக்கே உரிய கால்பந்து) ரசிகர்கள் ஒரு பழைய ஆட்டக்காரருக்கு எப்படி அஞ்சலி செலுத்துகிறார்கள்?

இதோடு, புதிதாக ஒரு கிளப்பைப் பின்தொடர ஆரம்பித்தவர் இப்படி ஒரு சாவு நேர்ந்தால் என்ன செய்யலாம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். முதலில் அந்த மனிதரைப் பற்றிக் கொஞ்சம். அவரைத் தெரியாவிட்டால் மற்றது எதுவும் புரியாது.

ஸ்டைன்ஸ் டப்ளினில் 1966ல் பிறந்தவர். அயர்லாந்தின் கேலிக் கால்பந்து ஆடிக்கொண்டிருந்த பையனை, இந்த ஆட்டத்துக்குத் தோதான உயரமும் ஓட்டமும் இருக்கிறது என்று மெல்பர்ன் கிளப் 1984ல் அழைத்து வந்தது. அயர்லாந்தில் பந்து உருண்டை, இங்கே முட்டை வடிவம். எல்லாவற்றையும் மறுபடி கற்றுக்கொண்டு 1987ல் முதல் அணிக்கு வந்தார்.

அந்த வருடமே பேரிடி விழுந்தது. 23 ஆண்டுகளுக்குப் பிறகு மெல்பர்ன் இறுதிச் சுற்று ஆட்டங்களுக்குள் நுழைந்திருந்தது. வேவர்லி பார்க் மைதானத்தில் ஹாதார்ன் கிளப்புக்கு எதிராக, இறுதி ஆட்டத்துக்கு முந்தைய ஆட்டம், மெல்பர்னுக்கு நான்கு புள்ளி முன்னிலை. கடைசி நொடிகளில் ஹாதார்னின் கேரி பக்கனாராவுக்கு ஃப்ரீ கிக். தூரம் அதிகம், அடித்தாலும் எட்டுவது சந்தேகம். அப்போது ஸ்டைன்ஸ் அவருக்குக் குறுக்கே ஓடிவிட்டார். அன்றைய விதிப்படி அதற்கு 15 மீட்டர் அபராதம். பக்கனாரா அவ்வளவு முன்னால் வந்து, ஆட்டம் முடியும் சைரன் ஒலித்த பிறகு உதைத்தார். கோல், ஆறு புள்ளி. மெல்பர்ன் இரண்டு புள்ளியில் தோற்றது.

ரசிகர்களின் பாசத்துக்கு வேர் இந்த இடத்தில்தான் இருக்கிறது என்பது என் கணிப்பு. அந்தப் பழியைச் சுமந்துகொண்டு ஓடிப்போகாமல் அவர் தொடர்ந்து ஆடினார். நான்கே ஆண்டில், 1991ல், பிரவுன்லோ பதக்கம் வாங்கினார். நடுவர்கள் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் போடும் வாக்குகளைக் கூட்டி, லீக்கின் சிறந்த, நேர்மையான ஆட்டக்காரருக்குக் கொடுப்பது அது. 1987 முதல் 1998 வரை ஓர் ஆட்டம்கூட விடாமல் தொடர்ச்சியாக 244 ஆடியது நீண்ட காலம் முறியாத சாதனை. அவர் ஆடியது ரக்மேன் இடம். நடுவர் பந்தை எறியும்போதெல்லாம் எதிரியோடு மோதிக்கொண்டு எம்பும் வேலை. முழங்காலும் விலாவும் அடி வாங்கும் இடத்தில் இப்படி ஒரு தொடர்ச்சி நினைத்துப் பார்க்கவே கஷ்டம்.

பிறகு வழி தெரியாமல் நிற்கும் இளையோருக்காக 1994ல் நண்பரோடு தொடங்கிய ரீச் அமைப்பை வளர்த்தார். 2008ல், பல மில்லியன் டாலர் கடனில் மூழ்கிய கிளப்புக்குத் தலைவரானார். அடுத்த ஆண்டே புற்றுநோய். சிகிச்சைக்கு நடுவிலும் பொறுப்பை விடவில்லை. 2010ல் கடன் அடைந்தது. 2012 மார்ச் 20 அன்று, 45 வயதில் காலமானார். அழுதவர்களில் அவர் ஆடியதைப் பார்க்காத பிள்ளைகளும் இருந்ததற்கு இதுதான் காரணம்.

இனி அஞ்சலி முறைகள். இங்கே எல்லாமே ஆட்டத்தின் சாமான்களால் ஆனது.

முதலில் ஸ்கார்ஃப். கிளப் நிறத்தில், மெல்பர்னுக்கு என்றால் சிவப்பும் நீலமும், கம்பளி ஸ்கார்ஃபை மைதான வாசலிலோ கிளப் வாசலிலோ கட்டுவார்கள். கம்பியில் ஒரு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போடுங்கள். வெறுமனே தொங்கவிட்டால் மெல்பர்ன் காற்று இரவுக்குள் கீழே தள்ளிவிடும். பூ வைத்தால் பிளாஸ்டிக் உறையைக் கழற்றிவிட்டு வையுங்கள். உள்ளே ஈரம் தங்கி இரண்டே நாளில் அழுகும். கடிதம் எழுதினால் பால்பாயின்ட் பேனாவோ பென்சிலோ நல்லது, மைப் பேனா எழுத்து முதல் மழையில் கரைந்துவிடும். திரும்ப வேண்டிய பொருள் எதையும் வைக்காதீர்கள்.

அடுத்தது பேனர். இது இந்த ஆட்டத்துக்கே உரியது. ஒவ்வொரு வாரமும் ரசிகர் படை கூடி, தரையில் கிரேப் தாளை விரித்து, டேப்பால் ஒட்டி, பேருந்தைவிட நீளமான தாள் சுவர் ஒன்றைச் செய்யும். இரு பக்கமும் கழி, காற்றுக்கு இழுத்துப் பிடிக்கக் கயிறு. வீரர்கள் அதைக் கிழித்துக்கொண்டு களத்துக்குள் ஓடிவருவார்கள். கிழிய வேண்டும் என்பதால்தான் துணி கூடாது, கிரேப் தாள். டேப் குறைந்தால் தூக்கும்போதே காற்றில் பிளக்கும், மிஞ்சினால் முன்னால் வரும் வீரர் சிக்கிக்கொள்வார். அஞ்சலிப் பேனரில் இறந்தவரின் பெயரை மேல் வரியில் வைப்பது நல்லது. வீரர்கள் உடைப்பது கீழ் நடுப்பகுதியை, மேலே உள்ளது கொஞ்ச நேரமாவது நிற்கும். நாலைந்து சொல் போதும். நீண்ட வாசகத்தை எதிர் மாடத்திலிருந்து யாராலும் படிக்க முடியாது.

வீரர்கள் கட்டும் கறுப்புப் பட்டைக்கும் ஒரு நுணுக்கம் உண்டு. ஜெர்சிக்குக் கை கிடையாது என்பதால் டேப்பை வெறும் தோலில், மேற்கையில் சுற்றுகிறார்கள். இறுக்கினால் கை மரத்துப்போகும், தளர்ந்தால் வியர்வையில் முழங்கை வரை இறங்கிவிடும்.

மௌன அஞ்சலி ஒரு நிமிடம்தான். அது பந்து எறிவதற்குச் சற்று முன்பு நடக்கும். ஆட்டம் ஆரம்பிக்கும் நேரத்தைக் கணக்குப் பண்ணி வருபவர்கள் அதைத் தவறவிடுவார்கள், படிக்கட்டில் நடந்து கெடுக்கவும் செய்வார்கள். அரை மணி முன்னால் இருக்கையில் இருங்கள்.

ஸ்டைன்ஸுக்கு விக்டோரிய மாநில அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு மார்ச் 27 அன்று புனித பவுல் பேராலயத்தில் நடந்தது. உள்ளே இடம் கிடைக்காதவர்கள் தெருவுக்கு எதிர்ப்புறம் ஃபெடரேஷன் சதுக்கத்தில் பெரிய திரையில் பார்த்தார்கள். அது வேலை நாள். அலுவலக உடுப்பின் மேல் சிவப்பு நீல ஸ்கார்ஃப் போட்டுக்கொண்டு வந்து நின்றார்கள். நான்கு நாள் கழித்து எம்.சி.ஜி. எனப்படும் மெல்பர்ன் கிரிக்கெட் மைதானத்தில் பிரிஸ்பேனோடு கிளப்புக்குப் பருவத்தின் முதல் ஆட்டம். மெல்பர்ன் 41 புள்ளியில் தோற்றது. உணர்ச்சி இருந்தால் வெற்றி வந்துவிடும் என்று எதிர்பார்ப்பது வீரர்கள் தலையில் பாரம் ஏற்றுவதாகும், அதைத் தயவுசெய்து செய்யாதீர்கள்.

இன்னொன்றும் செய்யாதீர்கள். மரணக் காரணத்தை ஊகித்து எழுதுவது. தலையில் பட்ட அடிகளால் வரும் சி.டி.இ. என்ற மூளை நோயை இறந்த பிறகு மூளையைப் பரிசோதித்துத்தான் உறுதி செய்ய முடியும். 2019ல் மறைந்த பழைய ஆட்டக்காரர் பாலி ஃபார்மருக்கு அது இருந்தது அடுத்த ஆண்டுதான் தெரியவந்தது. குடும்பம் சொல்லும்வரை பொறுத்திருப்பதும் மரியாதைதான்.

ஸ்டைன்ஸுக்கு எம்.சி.ஜி.க்கு வெளியே 2014ல் சிலை வைத்தார்கள். அவருடைய 11ஆம் எண் ஜெர்சி பின்னாளில் இன்னொரு ரக்மேனுக்குப் போனது, மேக்ஸ் கான். 57 ஆண்டு காத்திருப்புக்குப் பிறகு 2021 செப்டம்பரில் பெர்த்தில் மெல்பர்ன் கோப்பையை வென்றபோது அணித் தலைவர் அவர்தான். முதுகில் 11.