மீத்தேன் உமிழ்வுக் கணக்கீடு வேலை தருமா? ஒரு மாணவியின் தந்தைக்குப் பதில்

மதிப்பிற்குரிய ஐயா,

ஒரு நாட்டின் மின் உற்பத்தித் துறை ஆண்டுதோறும் வெளியிடும், புவியை வெப்பமாக்கும் மீத்தேன் வாயுவைக் கணக்கிட்டு, அது காலப்போக்கில் ஏன் கூடுகிறது, ஏன் குறைகிறது என்று ஆராயும் பணியில் தங்கள் மகளுக்கு ஆர்வம் உண்டாகியிருப்பதையும், அனல்மின் நிலையங்கள் மூடப்பட்டுவரும் காலத்தில் இந்த ஆர்வம் அவரை வேலையில்லாமல் நிறுத்திவிடுமோ என்று தாங்கள் கவலைப்படுவதையும் எழுதியிருந்தீர்கள். ஆர்வத்தைத் தடுக்க வேண்டாம், ஆனால் இளநிலைப் பட்டத்தை அகன்ற அடித்தளம் உள்ள துறையில் பெறச் சொல்லுங்கள் என்பதே என் கருத்து. அதற்கான காரணங்களை விளக்குகிறேன்.

நாடு முழுவதும் புகைபோக்கிகளில் கருவி பொருத்தி இந்த வாயுவை அளக்கிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் நடப்பது வேறு. ஓராண்டில் எரிக்கப்பட்ட ஒவ்வொரு எரிபொருளின் அளவையும் ஆற்றல் அலகுக்கு மாற்றி, அதற்குரிய உமிழ்வுக் காரணியால், அதாவது ஓர் அலகு ஆற்றலுக்கு எவ்வளவு வாயு வெளியேறும் என்று காட்டும் எண்ணால், பெருக்குகிறார்கள். ஐபிசிசி என்னும் பன்னாட்டு அறிவியல் குழு 2006-இல் வெளியிட்ட வழிகாட்டி நெறிகளின்படி, மின் நிலையத்தில் ஒரு டெராஜூல் (ஒரு லட்சம் கோடி ஜூல்) ஆற்றலுக்கு நிலக்கரியும் இயற்கை எரிவாயுவும் தலா 1 கிலோ, உலை எண்ணெய் 3 கிலோ, விறகு 30 கிலோ மீத்தேனை வெளியிடுவதாகக் கொள்ளலாம். அதே ஒரு டெராஜூல் நிலக்கரி ஏறத்தாழ 94,600 கிலோ கரியமில வாயுவை வெளியிடுகிறது. இவ்வளவு சிறிய அளவுக்கு ஒரு தொழிலா என்று தாங்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானது, ஆனால் எரிக்கும் இயந்திரம் மாறினால் கணக்கே மாறிவிடுகிறது. இயற்கை எரிவாயுவைக் கொதிகலனில் எரித்தால் 1 கிலோ, பெரிய டர்பைனில் எரித்தால் 4 கிலோ என்று கூறும் அதே நெறிகள், டீசலும் எரிவாயுவும் சேர்ந்து இயங்கும் பெரிய எஞ்சினுக்கு 258 கிலோ என்கின்றன. சிலிண்டரில் எரியாமல் தங்கும் வாயு புகையோடு வெளியேறிவிடுவதே காரணம். ஆகவே இயந்திரங்களை அறியாதவர் இந்தக் கணக்கைச் சரியாகப் போட முடியாது. தங்கள் மகளுக்கு அகன்ற அடித்தளமுள்ள பட்டத்தைப் பரிந்துரைப்பதற்கு இதுவே முதற்காரணம்.

காலத்தொடரை, அதாவது ஆண்டுவாரியான எண்களின் வரிசையைப் படிப்பது இதைவிட நுட்பமான வேலை. நிலக்கரியைக் கைவிட்டு மரத்துகளுக்கு மாறும் நாட்டில், மாறிய அந்தப் பங்குக்கு மட்டும் புகைபோக்கி மீத்தேன் கணக்கில் முப்பது மடங்காகிவிடும். அந்த ஏற்றத்தைப் பார்த்து மின்துறை சீர்கெட்டுவிட்டது என்று எழுதுபவர் தவறான முடிவுக்கு வருகிறார். வெறும் அலகு மாற்றமும் வரைபடத்தை உயர்த்தக்கூடும். மீத்தேனின் வெப்பமாக்கும் விளைவை நூறாண்டு அளவில் கரியமில வாயுவுக்கு இணையாக மாற்ற, முன்பு 21 என்ற எண்ணையும் பிறகு 25 என்ற எண்ணையும் பயன்படுத்தினார்கள்; பாரிஸ் காலநிலை ஒப்பந்தத்தின் அறிக்கைகளில் இப்போது 28 பயன்படுகிறது. பழைய ஆண்டுகளை 21-ஆலும் புதிய ஆண்டுகளை 28-ஆலும் பெருக்கி ஒரே கோட்டில் வரைந்தால், ஒரு கிலோ கூட அதிகம் வெளியேறாமலேயே மூன்றில் ஒரு பங்கு உயர்வு தெரியும். இதனால்தான் முறை மாறும்போது பழைய ஆண்டுகளையும் சேர்த்து முழுத் தொடரையும் மறுகணக்கிட வேண்டும் என்று நெறிகள் வலியுறுத்துகின்றன. ஒரு கோடு வளைந்ததற்கு எரிபொருள் காரணமா, இயந்திரம் காரணமா, கணக்கு முறை காரணமா என்று பிரித்துச் சொல்லக்கூடியவருக்கு அரசுத் துறைகளிலும், தணிக்கை நிறுவனங்களிலும், மின் நிறுவனங்களின் சுற்றுச்சூழல் பிரிவுகளிலும் இடம் உண்டு.

மின் நிலையங்கள் மூடப்படுவது பற்றிய தங்கள் கவலைக்கு வருகிறேன். பிரிட்டனின் கடைசி நிலக்கரி மின் நிலையம் 2024 செப்டம்பர் 30 அன்று மூடப்பட்டது உண்மையே. ஆனால் மின்சாரத்தோடு தொடர்புள்ள மீத்தேனில் பெரும்பகுதி மின் நிலையத்தில் தோன்றுவதில்லை. நிலக்கரிச் சுரங்கத்திலும் எரிவாயுக் கிணற்றிலும் குழாய்வழியிலும் கசிவதை வேறு தலைப்பிலும், நீர்மின் அணைகளின் நீர்த்தேக்கங்களில் உருவாவதை நிலப் பயன்பாட்டுத் தலைப்பிலும் சேர்க்கிறார்கள். கைவிடப்பட்ட சுரங்கங்கள் கூடப் பல ஆண்டுகள் வாயுவை விட்டுக்கொண்டிருக்கின்றன. அவற்றுக்கும் தனிக் கணக்கு முறை உள்ளது. எனவே தங்கள் மகள் மின்துறையில் தொடங்கினாலும் கசிவு கண்டறிதல், செயற்கைக்கோள் தரவு, கழிவிலிருந்து உயிரிவாயு எனப் பக்கத்துத் துறைகளுக்கு எளிதாக நகர முடியும்.

இந்தத் தொழிலின் தேவை சட்டங்களைச் சார்ந்தது என்பதை மறைக்க நான் விரும்பவில்லை. 2021-இல் கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில் தொடங்கிய உலக மீத்தேன் உறுதிமொழி, 2020-இன் அளவிலிருந்து 2030-க்குள் குறைந்தது 30 விழுக்காடு குறைப்பதைக் கூட்டு இலக்காக வைத்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் எரிசக்தித் துறைக்கு அளவீட்டையும் கசிவுப் பழுதுபார்ப்பையும் கட்டாயமாக்கியது. மறுபுறம், அமெரிக்கா 2022-இல் சட்டமாக்கிய மீத்தேன் கட்டணம் 2025-இல் 2034 வரை தள்ளிவைக்கப்பட்டது. ஓர் அரசு மாறினால் ஆள் எடுப்பதும் குறையலாம். குறுகிய தலைப்புள்ள இளநிலைப் பட்டத்தை நான் பரிந்துரைக்காததற்கு இதுவே வலுவான காரணம். வேதிப் பொறியியல், இயந்திரப் பொறியியல், இயற்பியல், புள்ளியியல் ஆகிய நான்கில் அவருக்கு மனம் ஒன்றுவது எதுவோ அதைப் படிக்கட்டும். இந்தத் துறை சுருங்கினாலும் அந்தப் பட்டம் வேறு வாயிலைத் திறக்கும். கணினி நிரலாக்கமும் பிழைவரம்பைக் கணக்கிடும் பயிற்சியும் எந்தப் பட்டத்தோடும் சேர வேண்டியவை.

கல்லூரியில் சேருவதற்கு முன்பே அவருடைய ஆர்வத்தின் ஆழத்தை அறிய ஒரு பயிற்சி கொடுங்கள். ஐரோப்பிய ஆணையத்தின் கூட்டு ஆய்வு மையம் நடத்தும் எட்கார் தரவுத்தளம் 1970 முதல் நாடுவாரியாக, துறைவாரியாக உமிழ்வுகளை இலவசமாகத் தருகிறது. ஏதேனும் ஒரு நாட்டின் மின்துறை மீத்தேனை எடுத்து, அந்நாட்டின் எரிபொருள் புள்ளிவிவரத்தோடு ஒப்பிட்டு, மிகப் பெரிய ஏற்றத்துக்கோ இறக்கத்துக்கோ காரணத்தை இரண்டு பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். எண்கள் பொருந்தாதபோது அவர் சலிப்படைகிறாரா, அல்லது எங்கே பொருந்தவில்லை என்று தேடத் தொடங்குகிறாரா என்பதைக் கவனியுங்கள். தேடத் தொடங்கினால், முதுநிலைப் பட்டத்தில் உமிழ்வு அளவியல் அல்லது தொலையுணர்வு (செயற்கைக்கோள் போன்றவற்றால் தொலைவிலிருந்து அளப்பது) பயிலலாமா என்பதை அவர் மூன்றாம் ஆண்டில் முடிவு செய்தால் போதும். அதற்குள் ஒரு மின் நிலையத்திலோ உமிழ்வுத் தணிக்கை நிறுவனத்திலோ பயிற்சிப் பணி செய்துவிட்டு அந்த முடிவை எடுக்கட்டும்.