புருவத்தின் கருமை – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். ஷாம்புகளைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தபின் இதைக் கேட்கத் தோன்றியது. சில மாதங்களுக்கு முன் தலைமுடிக்கு இளம்பழுப்பு நிறம் ஏற்றிக்கொண்டேன். எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் புருவம் மட்டும் கன்னங்கரேலென்று தனித்துத் தெரிகிறது. முன்பு ஒருமுறை முகத்துக்கு பிளீச் போட்டபோது தோல் சிவந்து தடித்துவிட்டது, அடங்கச் சில நாட்களாயின. அதிலிருந்து பிளீச் என்றாலே பயம். எலுமிச்சைச் சாறு தடவி வெயிலில் நிற்கச் சொல்கிறார்கள், தேனும் பட்டைத்தூளும் பூசச் சொல்கிறார்கள், கெமோமில் டீ, பற்பசை, சமையல் சோடா என்று வீடியோவுக்கு ஒன்றாகச் சொல்கிறார்கள். எது உண்மையிலேயே வேலை செய்யும்? ‘அமோனியா இல்லாதது’ என்று அட்டையில் போட்டு வரும் க்ரீமை நம்பலாமா? வீட்டில் கேட்டால், “இதெல்லாம் ஒரு கவலையா?” என்கிறார்கள்.

அன்புடன்,
பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

கடைசியில் சொன்னதிலிருந்தே தொடங்குகிறேன். இது கவலைப்படக்கூடிய விஷயம்தான். 2003ஆம் ஆண்டு அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். பிரபலமானவர்களின் புகைப்படங்களில் கண்களை மட்டும் அழித்துச் சிலவற்றையும், புருவங்களை மட்டும் அழித்துச் சிலவற்றையும் காட்டி, இது யார் என்று கேட்டார்கள். கண் இல்லாத முகங்களைவிடப் புருவம் இல்லாத முகங்களை அடையாளம் காணத்தான் மக்கள் அதிகம் தடுமாறினார்கள். ஒருவரின் முகம் அவர் முகமாகத் தெரிவதில் புருவத்துக்கு அவ்வளவு பங்கு இருக்கிறது. தலைமுடியின் நிறம் மாறியதும் உங்கள் கண் புருவத்துக்கே போய் நிற்பதில் வியப்பில்லை.

கேள்விக்கு நேரான பதில்: கருப்புப் புருவத்தின் சொந்த நிறத்தை பிளீச் இல்லாமல் வீட்டிலேயே பாதுகாப்பாக நீக்க வழி கிடையாது. அந்த நிறத்தின் மேல் இன்னொரு நிறத்தைப் பூசி அதை மென்மையாகக் காட்ட முடியும். அதுவும் நன்றாகவே முடியும்.

முடியின் கருமை அதன் மேற்பரப்பில் இல்லை. மேலே செதில் செதிலாக, நிறமே இல்லாத ஓர் உறை இருக்கிறது. அதற்குள்ளே, முடியின் தண்டுப்பகுதியில், மெலனின் என்ற நிறமி நுண்ணிய மணிகளாகப் பதிந்திருக்கிறது. கருமுடியில் இருப்பது பெரும்பாலும் யூமெலனின் என்ற அதன் கருநிற வகை. எத்தனை முறை கழுவினாலும் தேய்த்தாலும் அது வெளியே வராது. அதை வேதிமுறையில் ஆக்சிஜனேற்றம் செய்து சிதைக்க வேண்டும். பிளீச்சில் இருக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு செய்வது இதைத்தான். உடன் இருக்கும் காரப்பொருள் மேலுறையைத் தளர்த்தி வழிவிடுகிறது. பவுடர் பிளீச்சில் பெர்சல்ஃபேட் உப்புகளும் சேர்ந்து வேகத்தைக் கூட்டுகின்றன. மெலனினைச் சிதைக்க இன்னொன்றாலும் முடியும், வெயிலால். ஆனால் அது மிக மெதுவாக நடப்பது.

எலுமிச்சை வைத்தியம் பிறந்தது அந்த வெயிலில்தான். பொன்னிறமோ வெளிர்பழுப்போ ஆன தலைமுடியில் எலுமிச்சைச் சாறும் வெயிலும் சேர்ந்தால் கொஞ்சம் நிறம் குறையும், அது பொய்யில்லை. கரும்புருவத்தில் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு எதுவும் நடக்காது. நடக்கக்கூடியது புருவத்தின் கீழே, தோலில். எலுமிச்சை வகைக் கனிகளில், குறிப்பாக அவற்றின் மேல்தோலில், ஃபுரானோகூமரின்கள் என்ற வேதிப்பொருட்கள் உள்ளன. அவை நம் தோலில் பட்டு, அதன்மேல் வெயிலின் புற ஊதாக்கதிரும் விழுந்தால், அந்த இடம் தீப்பட்டதுபோல் வெந்துபோகலாம். தோல் மருத்துவர்கள் இதை ஃபைட்டோஃபோட்டோடெர்மடைட்டிஸ் என்பார்கள். உடனே தெரியாது என்பதுதான் இதில் மோசம். ஒரு நாள், இரண்டு நாள் கழித்துத்தான் சிவப்பும் எரிச்சலும் வரும், சில சமயம் கொப்புளமும் எழும். ஆறியபிறகு அந்த இடத்தில் கருந்தடம் விழுந்து மாதக்கணக்கில் நிற்கும். புருவத்தை வெளுக்கப்போய்ப் புருவத்தைச் சுற்றிக் கருப்பு வாங்கிக்கொள்வதுதான் மிச்சம். ஏற்கெனவே ஒருமுறை தடித்துச் சிவந்த தோல் உங்களுடையது. தயவுசெய்து எலுமிச்சையோடு வெயிலில் நிற்காதீர்கள்.

தேனில் ஒரு நொதி உண்டு. தண்ணீர் சேர்ந்தால் அது மிகச் சிறிய அளவில் ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்கும். ‘தேன் முடியை வெளுக்கும்’ என்ற பேச்சு இதை வைத்து வந்தது. அந்த அளவு கரும்புருவத்துக்குப் போதவே போதாது. பட்டைத்தூள் வேண்டவே வேண்டாம், அதன் மணத்துக்குக் காரணமான பொருளே பலருக்குத் தோல் ஒவ்வாமை தரும். கெமோமில் என்ற பூவில் இருப்பது ஒரு மஞ்சள் சாயம். பொன்னிற முடிக்கு அது பளபளப்பு தரும், கருப்பின் மேல் தெரியவே தெரியாது. பற்பசை பல்லின் மேல் படிந்த கறையைத் தேய்த்து எடுப்பதற்கானது, முடிக்குள் இருக்கும் நிறமியை அது எட்டாது. சமையல் சோடா முடியை வறண்டுபோகச் செய்வதோடு சரி.

இந்த மெதுவான வழிகள் தோற்றுப்போவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது, வீடியோக்களில் யாரும் சொல்லாதது. தலைமுடி ஒன்று 2 முதல் 6 ஆண்டுகள் வரை வளர்ந்துகொண்டே இருக்கும். அதனால் வெயில் பட்டுப்பட்டு நுனி வெளிறுவதற்கு அதற்கு நேரம் இருக்கிறது. புருவ முடி வளர்வது சில வாரங்களே. பிறகு வளராமல் ஓய்ந்திருந்து உதிர்ந்துவிடும். எல்லாம் சேர்த்து அதன் ஆயுள் ஏறக்குறைய நான்கு மாதம். கொஞ்சம் கொஞ்சமாக வெளுக்கலாம் என்று நீங்கள் காத்திருக்கும்போதே பழைய முடி உதிர்ந்து, புதிய முடி முழுக் கருப்பாக முளைத்துவிடும். பிளீச் போட்டவர்களுக்கும் இதே கதைதான், சில வாரங்களிலேயே அடியில் கருப்பு எட்டிப் பார்க்கும். திரும்பத் திரும்பப் போட வேண்டியிருக்கும், ஒவ்வொரு முறையும் கண்ணுக்கு ஒரு விரல் தூரத்தில்.

அமோனியா இல்லாத க்ரீம் பற்றிக் கேட்டீர்கள். அமோனியா இல்லை என்றால் பிளீச் இல்லை என்று ஆகிவிடாது. பெரும்பாலும் அமோனியாவுக்குப் பதில் வேறொரு காரப்பொருள், பல சமயம் எத்தனாலமைன், இருக்கும். நிறத்தைச் சிதைக்கிற பெராக்சைடு அப்படியே இருக்கும். வாடை குறைவு, அவ்வளவுதான். அட்டையின் பின்பக்கத்தில் ஹைட்ரஜன் பெராக்சைடு, பெர்சல்ஃபேட் என்ற இரண்டில் ஒன்றைப் பார்த்தாலும் அதை பிளீச் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். மருந்துக்கடையில் புண் கழுவக் கிடைக்கும் 3 சதவீத பெராக்சைடைப் புருவத்தில் தடவச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். அதுவும் அதே பொருள்தான், கண்ணுக்குள் வழிந்தால் கருவிழி புண்படும். தவறி வழிந்துவிட்டால் யோசிக்காமல் குழாயடியில் கண்ணைத் திறந்து வைத்து, குறைந்தது 15 நிமிடம் தண்ணீர் விட்டுக் கழுவி, மருத்துவரிடம் போக வேண்டும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலர் இதைச் செய்கிறார்கள். தலைக்குப் போட்டது போக மிஞ்சிய டையைப் புருவத்திலும் இழுத்துவிடுவது. அந்தப் பெட்டிகளிலேயே புருவத்துக்கும் இமைக்கும் போடாதீர்கள் என்று அச்சிட்டிருக்கும். அந்த எச்சரிக்கைக்குப் பின்னால் உண்மையான மனிதர்களின் துயரம் இருக்கிறது. 1933 வாக்கில் அமெரிக்காவில் லாஷ் லூர் என்ற இமைச்சாயம் விற்பனையில் இருந்தது. அதிலிருந்த பாராஃபினிலீன்டையமின் என்ற சாயப்பொருள், சுருக்கமாக பி.பி.டி., பெண்கள் சிலரின் கண்களைப் புண்ணாக்கியது. ஒரு பெண் பார்வையை இழந்தார், இன்னொரு பெண் இறந்தே போனார். 1938இல் அங்கே ஒப்பனைப் பொருட்களையும் அரசின் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்த சட்டத்துக்கு இந்தச் சம்பவங்களும் ஒரு காரணம். அதே பி.பி.டி. இன்றும் பல தலைமுடி டைகளில் இருக்கிறது.

இனி செய்யக்கூடியதைப் பார்ப்போம்.

நிறமேற்றிய புருவ ஜெல் ஒன்று வாங்குங்கள். மஸ்காரா போலச் சிறு பிரஷ்ஷோடு வரும். நிறமில்லாத ஜெல்லும், சாயம் மெலிதாக இருக்கும் ஜெல்லும் கருப்பு முடியில் காட்டாது. கையில் தேய்த்தால் அடியிலிருக்கும் தோலை மறைக்கிற அளவுக்கு அடர்த்தியானதாகப் பாருங்கள். உங்கள் தலைமுடியின் நிறத்துக்கே நேராகப் போக வேண்டாம். புருவத்துக்கும் தலைமுடிக்கும் நடுவே ஒரு பழுப்பைத் தேர்ந்தெடுத்தால்தான் முகம் உங்கள் முகமாக இருக்கும்.

பூசும் முறையில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். பிரஷ்ஷைக் குழாயின் வாயில் நன்றாக வழித்துவிடுங்கள். முதலில் முடி படிந்திருக்கும் திசைக்கு எதிராக, புருவத்தின் வால்பகுதியிலிருந்து மூக்குப் பக்கமாக, லேசாக இழுங்கள். அப்போதுதான் முடியின் அடிப்பக்கத்திலும் நிறம் ஏறும். பிறகு முடி போகும் திசையிலேயே சீவிப் படிய வையுங்கள். காய்ந்தபின் தேவைப்பட்டால் இன்னொரு மெல்லிய பூச்சு. ஒரே தடவையில் அப்பினால் திட்டுத்திட்டாக நிற்கும். தோலில் பட்டதை ஈரப்பஞ்சால் உடனே துடைத்துவிடுங்கள், தோலில் ஒட்டிய நிறம்தான் பூச்சு என்று காட்டிக்கொடுக்கும். ஜெல் கிடைக்காத நாளில், கழுவிக் காயவைத்த பழைய மஸ்காரா பிரஷ்ஷில் துளி கன்சீலரை (தோலின் கறைகளை மறைக்கப் பூசும் க்ரீம்) தொட்டு இதே மாதிரி இழுத்து, மேலே கொஞ்சம் பவுடர் தட்டினாலும் கருமை அடங்கும். இரவில் பஞ்சில் எண்ணெய் தொட்டு, கண்ணை மூடிக்கொண்டு, தேய்க்காமல் ஒற்றி எடுத்துவிடுங்கள்.

கருப்புப் பென்சில் பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்துங்கள். நீளமான முடிகளை மேல்நோக்கிச் சீவி, வரம்பைத் தாண்டி நிற்கும் நுனிகளை மட்டும் சிறு கத்தரியால் வெட்டினால் அடர்த்தி குறைந்து கருமையும் குறைந்து தெரியும். அதற்காக த்ரெட்டிங்கில் புருவத்தையே மெலிதாக்கிவிடாதீர்கள். பல ஆண்டுகள் தொடர்ந்து பிடுங்கினால் சில இடங்களில் முடி திரும்ப முளைக்காமலே போகக்கூடும்.

எனக்குச் சரியென்று படுவது இன்னொன்று. வெளுப்பது கடினம், ஒரு படி அடர்த்தியாக்குவது எளிது. அதனால் புருவத்தைத் தலைமுடிக்கு இழுப்பதைவிட, அடுத்தமுறை நிறம் ஏற்றும்போது தலைமுடியைப் புருவத்தின் பக்கம் கொஞ்சம் கொண்டுவரலாம். நெற்றியோரத்திலும் வேர்ப்பகுதியிலும் மட்டும் ஒன்றிரண்டு படி அடர்ந்த பழுப்பைப் போடச் சொல்லுங்கள். முகத்தை ஒட்டிய முடி அடர்ந்தாலே புருவம் தனியாக நிற்பது குறைந்துவிடும்.

அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. பிளீச்சுக்குத் தோல் தடித்த கதையைத் தோல் மருத்துவரிடம் சொல்லி, எந்தப் பொருள் உங்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று ஒட்டுச் சோதனை (பேட்ச் டெஸ்ட்) செய்து பார்த்துவிடுங்கள். பெர்சல்ஃபேட்டா, பி.பி.டி.யா, வேறு எதுவுமா என்று தெரிந்தால் அந்தப் பெயரை அட்டையில் தேடித் தவிர்க்கலாம். அதன்பிறகும் ஒவ்வொரு புது டையையும் 48 மணி நேரம் முன்பாகக் காதின் பின்புறம் சிறிது தடவிப் பார்க்க வேண்டும். மருத்துவர் சொல்லும்வரை டை எதுவும் வேண்டாம். அதுவரைக்கும் ஜெல்லை வைத்துச் சமாளித்துக்கொள்ளலாம். ஜெல்லையும் முதல் தடவை முழங்கையின் உட்புறத்தில் தடவிப் பார்த்துவிட்டே புருவத்துக்குக் கொண்டுபோங்கள்.