முதலில் ஃபேன், அப்புறம் சோலார்

கேள்வி: மதுரையில் சொந்த வீடு. இரண்டு மாதத்துக்கு 680 யூனிட் ஓடுகிறது. ஐந்து சீலிங் ஃபேன், பழைய ஏசி ஒன்று. கார்பனையும் குறைக்க வேண்டும், கரண்ட் பில்லையும் குறைக்க வேண்டும் என்று மாடியில் 3 கிலோவாட் சோலார் போட நினைக்கிறோம். மானியம் 78,000 ரூபாய் என்கிறார்கள். போடலாமா?

பதில்: தாராளமாகப் போடுங்கள், ஆனால் ஃபேன்களை மாற்றிவிட்டுப் போடுங்கள்.

பழைய சீலிங் ஃபேன் ஒன்று 75 வாட் அளவுக்கு இழுக்கும். பிஎல்டிசி (BLDC) எனப்படும், குறைந்த மின்சாரத்தில் ஓடும் மோட்டார் கொண்ட ஃபேன் முழு வேகத்திலும் 30 வாட்டை ஒட்டித்தான் எடுக்கும். ஐந்து ஃபேனும் நாளுக்கு 14 மணி நேரம் ஓடுவதாக வையுங்கள். மதுரை வெயிலுக்கு இது அதிகமில்லை. ஒரு நாளைக்கு 3 யூனிட்டுக்கு மேல், இரண்டு மாதத்தில் சுமார் 190 யூனிட் மிச்சம். உங்கள் கணக்கு 490க்கு இறங்கிவிடும். 500ஐத் தாண்டினால் கூடுதல் யூனிட்டுக்கு மட்டுமல்ல, 101-லிருந்து 200 வரையிலான யூனிட்டுக்கும் கட்டணம் ஏறுவதால் பில்லில் வித்தியாசம் நன்றாகவே தெரியும். நம் மின்சாரத்தில் பெரும்பகுதி இன்னும் நிலக்கரியில்தான் வருகிறது. யூனிட்டுக்கு ஏறத்தாழ 700 கிராம் கார்பன் டை ஆக்சைடு. ஆக, ஃபேனை மாற்றுவதில் மட்டும் ஆண்டுக்குச் சுமார் 800 கிலோ குறைகிறது.

வாங்கும்போது பெட்டியில் பிஎல்டிசி என்று எழுதியிருப்பதோடு நிற்காமல், நட்சத்திர லேபிளில் வாட் எவ்வளவு என்று பாருங்கள். சுவரில் இருக்கும் பழைய ரெகுலேட்டரை எலெக்ட்ரீஷியனிடம் சொல்லிக் கழற்றிவிட வேண்டும், அதோடு சேர்த்து மாட்டினால் ஃபேன் கெட்டுப்போகலாம்.

இப்போது சோலாருக்கு வருவோம். நம் ஊர் வெயிலில் 1 கிலோவாட் நாளுக்குச் சுமார் 4 யூனிட் தரும். உங்கள் தேவை நாளுக்குச் சுமார் 8 யூனிட்டாகச் சுருங்கிவிட்டதால் 2 கிலோவாட்டே போதும். 2024இல் வந்த மத்திய அரசின் பிஎம் சூர்ய கர் சோலார் மானியத் திட்டத்தில் முதல் 2 கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாய், மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000 மட்டுமே. 78,000 என்று பெரிதாகச் சொல்கிறவர்கள் இந்தப் பிரிவினையைச் சொல்வதில்லை. அது எனக்குச் சரியாகப் படவில்லை. மானியம் வேலை முடிந்த பிறகுதான் வங்கிக் கணக்கில் விழும், முழுப் பணத்தையும் முதலில் நீங்கள்தான் புரட்ட வேண்டும். பேனல் மட்டுமல்ல, அதில் உள்ள சோலார் செல்களும் இந்தியத் தயாரிப்பாக இருந்தால்தான் மானியம்; அதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மாடியில் 200 சதுர அடி வேண்டும். தண்ணீர்த் தொட்டியின் நிழல் காலையிலும் மாலையிலும் எங்கே விழுகிறது என்று ஒரு நாள் பார்த்துவிட்டு இடத்தை முடிவு செய்யுங்கள்.

ஏசி கோடையில் மட்டும் ஓடுகிறதென்றால் இப்போதைக்கு விட்டுவிடலாம். 26 டிகிரியில் வைத்து ஃபேனையும் போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: சோலார் இருந்தால் கரண்ட் போனாலும் வீட்டில் மின்சாரம் இருக்குமா?

பதில்: பேட்டரி இல்லாமல் மின்வாரிய லைனோடு இணைத்து ஓடும் ஆன்-கிரிட் சோலார் என்றால் இருக்காது. கம்பத்தில் வேலை செய்பவருக்கு ஷாக் அடிக்கக்கூடாது என்பதால், லைன் போனதும் அதன் இன்வெர்ட்டர் தானே நின்றுவிடும். வீட்டில் ஏற்கெனவே பேட்டரி இன்வெர்ட்டர் இருந்தால் அது வழக்கம்போல் ஓடும், பிஎல்டிசி ஃபேனோடு கூடுதல் நேரம் தாங்கும்.