‘தானாக’ என்று எழுதியவருக்கு

கேள்வி: சாலை, ரயில் பாதை, துறைமுகம் எல்லாம் பெருகினால் நாடுகளுக்கு இடையிலான வர்த்தகம் தானாக வளர்ந்துவிடும் அல்லவா?

பதில்: ‘தானாக’ என்ற சொல்லோடு எனக்குப் பல வருடப் பகை. கட்டுரைகளில் கண்டால் அடித்துவிட்டு, ‘யார் செய்தார்கள்?’ என்று ஓரத்தில் எழுதித் திருப்பி அனுப்புவேன். செய்தவனை மறைப்பதற்கென்றே பிறந்த சொல் அது. உங்கள் கேள்வியிலும் அந்த வேலையைத்தான் செய்கிறது.

1956 ஏப்ரலில் ‘ஐடியல் எக்ஸ்’ என்ற பழைய எண்ணெய்க் கப்பல் 58 கண்டெய்னர் பெட்டிகளோடு அமெரிக்காவின் நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குப் புறப்பட்டது. அனுப்பியவர் லாரித் தொழிலில் இருந்த மால்கம் மெக்லீன். உதிரிச் சரக்கை மூட்டை மூட்டையாக ஏற்ற அந்நாளில் டன்னுக்கு ஆறு டாலரை ஒட்டிச் செலவு. பெட்டியாக ஏற்றியபோது 16 சென்ட். கடல் என்னவோ அதே கடல்தான்.

கண்டெய்னரின் மூலையை உற்றுப் பார்த்திருக்கிறீர்களா? எட்டு மூலையிலும் கனத்த உலோக வார்ப்பு, அதில் நீள்வட்டத் துளை. பூட்டின் தலையை நுழைத்துக் கால்வட்டம் திருப்பினால் பெட்டிமேல் பெட்டி அசையாமல் நிற்கும். கிரேனும் லாரியும் ரயிலும் அந்தத் துளையைத்தான் பிடிக்கின்றன. எல்லா நாடுகளுக்கும் ஒரே அளவு அமைய வேண்டும் என்பதற்காக மெக்லீன் அதன் காப்புரிமையையே விட்டுக்கொடுத்தார். துறைமுகத்தை நீள அகலத்தால் மட்டும் அளக்கும் நிபுணர்கள் இந்தத் துளையைப் பற்றி வாய் திறப்பதில்லை. அவர்களோடு எனக்குள்ள சண்டையே இதுதான்.

பாதை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் சீனாவில் தண்டவாள அகலம் 1,435 மில்லிமீட்டர், கஜகஸ்தானில் 1,520. வித்தியாசம் நான்கு விரற்கடை. சீனாவின் கிழக்கிலிருந்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடிவந்த சரக்கு ரயில் எல்லையில் கோர்கோஸில் நின்றுவிடுகிறது. கண்டெய்னர்களை ஒவ்வொன்றாகத் தூக்கி அடுத்த ரயிலில் வைக்கிறார்கள்.

இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். உலக வர்த்தகச் சரக்கில் ஐந்தில் நான்கு பங்கு கடல் வழியே போகிறது. 2020-இல், கொரோனா காலத்தில், சரக்கை இறக்கிக்கொண்ட துறைமுகங்கள் பல, மாலுமிகளைக் கரையில் கால் வைக்க விடவில்லை. ஒப்பந்தம் முடிந்தும் சுமார் நான்கு லட்சம் பேர் கப்பலிலேயே கிடந்தார்கள். சிலர் ஓராண்டுக்கும் மேலாக. அந்த ஆண்டும் கடைகளுக்கு உணவும் மருந்தும் வந்து சேர்ந்தன. கொண்டுவந்தவர்கள் அவர்கள்தான்.