முன் அனுமதி வாங்காத கூடுதல் நேரத்துக்குச் சம்பளம் உண்டா?

கடை மூடிய பிறகு உங்கள் முதலாளி தினமும் 45 நிமிடம் கணக்கு முடிக்க வைத்துவிட்டு, முன் அனுமதி வாங்கவில்லை என்று சம்பளம் தர மறுக்கிறார் என எழுதியிருந்தீர்கள். படித்ததும் கோபம்தான் வந்தது. அவர் கண்ணெதிரே, அவருக்காகச் செய்த வேலை அது! பல நாட்டுச் சட்டங்களில் அனுமதி வாங்காதது கண்டிக்கக் காரணமாகலாம்; கூலியைப் பிடித்துக்கொள்ளக் காரணமாகாது.

இன்றிரவே ஒரு நோட்டில் தேதி, வந்த நேரம், கிளம்பிய நேரம் எழுதத் தொடங்குங்கள். பழைய நாட்களை வாட்ஸ்அப் செய்திகளைப் பார்த்து நிரப்புங்கள். பின்னர் எழுதியது என்பதையும் குறித்துவிடுங்கள். முதலாளியிடம் ஒழுங்கான பதிவேடு இல்லையென்றால் இந்த நோட்டுதான் உங்களுக்காகப் பேசும். பிறகு பாக்கியைக் கணக்கிட்டு எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் தொழிலாளர் துறையில் புகார் கொடுங்கள். அதற்குக் காலக்கெடு உண்டு, தள்ளிப்போடாதீர்கள். 'பாக்கி எதுவும் இல்லை' என்ற தாளில் மட்டும் கையெழுத்திடவே வேண்டாம்.