அப்பாவின் பாத்திரக் கடையை ஆன்லைனுக்குக் கொண்டுபோக எங்கிருந்து தொடங்குவது?

சென்னையில் சின்னதாகப் பாத்திரக் கடை, ஆன்லைனிலும் விற்க ஆசை என்று கேட்டிருக்கிறீர்கள். புரசைவாக்கத்தில் என் சித்தப்பாவுக்கும் எவர்சில்வர் கடைதான். நாலு வருடமாக அதன் ஆன்லைன் வேலை என் தலையில்.

விற்பனைத் தளத்தில் கணக்குத் திறப்பதெல்லாம் பெரிய விஷயமில்லை. எங்களைப் படுத்தியது தராசு. எவர்சில்வரை நாம் கிலோ விலைக்கு எடை போட்டுத்தானே கொடுக்கிறோம்? ஆன்லைனில் ஒவ்வொன்றுக்கும் ஒரே விலை வைக்க வேண்டும். ஒரே மாதிரி இரண்டு தூக்குவாளியைத் தராசில் வைத்தால் பத்து இருபது கிராமாவது வித்தியாசம் காட்டும். சித்தப்பா ஒரு மாதம் இதோடு மல்லுக்கட்டினார். கடைசியில் கனமான தூக்கை வைத்தே விலை போட்டோம்.

அப்புறம் கூரியர். முதல் ஆர்டர் ஒரு குடம், ஒன்றேகால் கிலோ. பெட்டி மூன்று பக்கமும் 30 செ.மீ. கூரியரில் நீளம், அகலம், உயரத்தைப் பெருக்கி பெரும்பாலும் 5000ஆல் வகுப்பார்கள், வந்தது 5.4 கிலோ. இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். ஆக, குடத்துக்குள் இருந்த காற்றுக்கு நாலு கிலோ காசு! அன்றே குடத்தைத் தளத்திலிருந்து எடுத்துவிட்டு, ஒன்றுக்குள் ஒன்று உட்காரும் அடுக்கு செட்டை ஏற்றினோம். நீங்களும் அதில் தொடங்குங்கள்.

ஸ்டாக் கணக்கு அப்பாவின் மண்டைக்குள் இருந்தால், முதலில் அதை நோட்டுக்கு இறக்குங்கள். கல்லாவில் விற்றுப்போன தவலைக்கு ஆன்லைனில் ஆர்டர் வந்து, ரத்து செய்து, ரேட்டிங் சரிந்த கதை எங்களுக்கு உண்டு.

ஜிஎஸ்டி பற்றிச் சுருக்கமாக: முன்பெல்லாம் தளத்தில் பொருள் விற்றாலே பதிவு கட்டாயம். 2023 அக்டோபர் 1 முதல், வருட விற்றுமுதல் 40 லட்சத்துக்குள் இருந்து தமிழ்நாட்டுக்குள் மட்டும் விற்றால், ஜிஎஸ்டி போர்ட்டலில் பான் கொடுத்து ஒரு எண் வாங்கினால் போதும். பெங்களூருக்கு ஒரு டம்ளர் அனுப்பினாலும் பதிவு வேண்டும்.

கேஷ் ஆன் டெலிவரி எனக்குப் பிடிக்காது. வாங்க மறுத்தால் பெட்டி நசுங்கித் திரும்பி வரும். சொட்டை விழுந்த பாத்திரத்தை யார் தலையில் கட்டுவது?

உண்மையில் எங்களுக்குக் கைகொடுத்தது வாட்ஸ்அப்தான். சீர்வரிசைக்குப் பெயர் வெட்டித் தருகிறோம் என்று ஸ்டேட்டஸ் போட்டதும் ஆர்டர் வர ஆரம்பித்தது. யுபிஐயில் முழுப் பணமும் முன்கூட்டியே. பெயர் வெட்டியதால் ரிட்டர்னும் கிடையாது. ஒன்று மட்டும்: வெட்ட வேண்டிய பெயரை அவர்கள் கைப்பட எழுதி போட்டோ அனுப்பச் சொல்லுங்கள். போனில் கேட்டு ‘கமலா’வை ‘விமலா’ என்று வெட்டிய தவலை ஒன்று எங்கள் கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. சித்தப்பா அதில்தான் சில்லறை போட்டு வைக்கிறார்.